சடலம் சொல்வதைச் சுமந்து செல்வோர் யார்?

2006 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 2 ஆம் திகதி மாலை, திருகோணமலைக் கடற்கரையில் காந்தி சிலைக்கு அண்மையில் ஐந்து தமிழ் மாணவர்கள் உயிரிழந்தனர். அவர்கள் வைத்திருந்த கைக்குண்டு வெடித்ததாலேயே இறந்தனர் என்று படைத்தரப்பு முதலில் அறிவித்தது. அந்த அறிவிப்பு ஒரு நாள் கூட நிலைக்கவில்லை. திருகோணமலை வைத்தியசாலையின் பிரேத அறையில் சட்ட வைத்திய அதிகாரி நடத்திய பரிசோதனையில், அவர்களின் மரணத்துக்குக் காரணம் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் எனப் பதிவாகியது. மிகக் கிட்டிய தூரத்திலிருந்து தலையில் சுடப்பட்டவர்களும் அவர்களுள் இருந்தனர். "சுடர் ஒளி" நாளிதழின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் பிரேத அறையில் எடுத்த புகைப்படங்கள் அக்காயங்களை நாட்டுக்குக் காட்டின. அதே மாதம் 24 ஆம் திகதி திருகோணமலை நகரில் வைத்து அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இவ்வழக்கில் தடயவியல் தன் கடமையை ஒரே நாளில் செய்து முடித்தது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். கைக்குண்டுச் சிதறலுக்கும் துப்பாக்கி ரவைக்கும் வேறுபாடு காண உலகத்தரம் வாய்ந்த ஆய்வுகூடம் தேவைப்படவில்லை. பயிற்சி பெற்ற ஒரு வைத்தியரும், கண்டதைக் கண்டபடி எழுதும் நேர்மையும் போதுமாயிருந்தன. அதன் பின்னர் நடந்தவையோ நெடிய கதை. இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் சார்பில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் விசாரணை செய்தார். நீதியரசர் உதலாகம தலைமையிலான ஜனாதிபதி ஆணைக்குழு விசாரித்தது. அதனைக் கண்காணிக்க வந்த, நீதியரசர் பகவதி தலைமையிலான சர்வதேச சுயாதீன நிபுணர் குழு 2008 இல் அதிருப்தியோடு வெளியேறியது. விசேட அதிரடிப்படையினர் உள்ளிட்ட 13 சந்தேகநபர்கள் 2013 இல் கைதுசெய்யப்பட்டு, அதே ஆண்டு பிணையில் சென்றனர். 2019 ஜூலை 3 ஆம் திகதி, போதிய சாட்சியங்கள் இல்லை என்ற காரணத்தால் திருகோணமலை பிரதம நீதவான் நீதிமன்றம் அவர்கள் அனைவரையும் விடுவித்தது. எவ்வாறு இறந்தனர் என்பதை ஒரு நாளில் அறிந்த நாடு, யார் கொன்றனர் என்பதைப் பதின்மூன்று ஆண்டுகளில் நிரூபிக்கவில்லை.

பழைய கணக்கைத் தீர்க்கும் நோக்கில் நாம் இதனை நினைவூட்டவில்லை. துறைமுகத்தைச் சூழ்ந்த இம்மாவட்டத்தில் ஒரு வீட்டினுள், கதவுகள் மூடிய அறையொன்றில் ஒருவர் இறந்து கிடந்தால் அந்த மரணத்தின் உண்மைக்கு என்ன நேர்கின்றது என்ற கேள்விக்கும் இவ்வழக்குக்கும் நெருங்கிய உறவு உண்டு. கடற்கரையில் நடந்தவற்றுக்குக் கண்கண்ட சாட்சிகள் இருந்தனர். காயமடைந்து உயிர் தப்பியோரும் இருந்தனர். வீட்டு மரணங்களுக்குப் பெரும்பாலும் அவ்வாறான சாட்சிகள் இல்லை. அங்கு இருப்பவர்கள் உறவினர்களே. அவர்களுள் ஒருவர் மீதே சந்தேகமும் இருக்கலாம். எனவே, சடலமும் அது கிடந்த அறையுமே அங்கு முதன்மைச் சாட்சிகள். கண்கண்ட சாட்சிகள் இருந்த வழக்கிலேயே இந்நிலை என்றால், சாட்சிகளே அற்ற வீட்டு மரணத்தில் உண்மையைக் காப்பதற்கு எவ்வளவு கவனம் தேவை என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

நமது சட்டம் இதனை அறியாத சட்டமன்று. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 370 ஆம் பிரிவு, திடீர் மரணம் அல்லது காரணம் அறியப்படாத மரணம் பற்றித் தகவல் கிடைத்தவுடன் மரண விசாரணை அதிகாரி உடனடியாகச் சடலம் கிடக்கும் இடத்துக்குச் செல்ல வேண்டும் என்கிறது. அங்கு காணப்படும் காயங்கள், முறிவுகள், ஏனைய அடையாளங்கள் ஆகியவற்றை விபரித்து, மரணத்தின் வெளிப்படையான காரணம் பற்றி அவர் அறிக்கை எழுத வேண்டும். சடலம் வைத்தியசாலைக்கு வந்து சேரும்வரை காத்திருக்குமாறு சட்டம் கூறவில்லை. இடத்துக்கே செல்லுமாறுதான் கூறுகின்றது. ஆனால் நடைமுறை எவ்வாறுள்ளது? வீட்டில் ஒருவர் அசைவற்றுக் கிடந்தால் அயலவர்கள் முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடுகின்றனர். உயிர் இருக்கலாம் என்ற நப்பாசையில் செய்யப்படும் அச்செயலைக் குறைகூற முடியாது. பின்னர் வீட்டுக்குத் திரும்பும் பெண்கள், வரப்போகும் உறவினர்களை எண்ணி அறையைக் கூட்டிக் கழுவுகின்றனர், போர்வை துவைக்கப்படுகின்றது. விசாரணை பிரேத அறையின் வாசலில் தொடங்குகின்றது. அவ்வேளையில் முதன்மைச் சாட்சிகள் இருவரில் ஒருவரான அந்த அறை ஏற்கனவே வாய் மூடிவிட்டது.

இதனால் இழக்கப்படுவது யாது என்பதைச் சற்று விரிவாகக் கூறுவது பயனுள்ளது. இறந்தவரின் உடலில் இரத்தம் புவியீர்ப்பினால் தாழ்ந்த பக்கத்தில் தேங்கி, தோலில் ஊதா நிறத் திட்டுக்களை ஏற்படுத்தும். சில மணித்தியாலங்களின் பின்னர் அத்திட்டுக்கள் நிலைத்துவிடும். மல்லாந்த நிலையில் காணப்பட்டவரின் மார்பிலும் வயிற்றிலும் அவை இருந்தால், இறந்த பின்னர் எவரோ உடலைப் புரட்டியிருக்கின்றார் என்பது பொருள். கழுத்தில் உள்ள கயிற்றுத் தடம் காதின் பின்புறத்தை நோக்கிச் சரிவாக ஏறுகின்றதா, அன்றிக் கழுத்தைச் சுற்றிக் கிடையாகச் செல்கின்றதா என்பது, தூக்கில் தொங்கிய மரணத்தையும் பிறரால் நெரிக்கப்பட்ட மரணத்தையும் பிரித்தறிய உதவும் முதல் அடையாளங்களுள் ஒன்று. ஆனால் அந்தக் கயிறும், அதன் முடிச்சும், அது கட்டப்பட்டிருந்த வளையின் உயரமும் பதிவுசெய்யப்படாவிடின் தடத்தின் பொருள் பாதியாகக் குறைந்துவிடும். தீயில் கருகிய உடலொன்றில், மூச்சுக்குழாயின் உட்புறத்தில் கரிப்புகை படிந்திருந்தால் தீப்பற்றிய வேளையில் அவர் சுவாசித்துக்கொண்டிருந்தார். அது இல்லாதிருந்தால், தீ மூட்டப்படுவதற்கு முன்னரே அவர் இறந்திருக்கக்கூடும் என்ற பாரதூரமான கேள்வி எழும். மரணம் நிகழ்ந்த நேரத்தை உடல் வெப்பத்தைக் கொண்டு கணிப்பது குளிர்நாடுகளில் ஓரளவு இலகுவானது. திருகோணமலையின் வெயிலில் அறையின் வெப்பநிலை உடலின் வெப்பநிலையை நெருங்கி நிற்கும்போது உடல் மெதுவாகவே குளிரும். விறைப்பு விரைவில் தோன்றி விரைவில் நீங்கும், சிதைவும் முந்திக்கொள்ளும். ஆகவே ஐரோப்பியப் பாடநூல்கள் அனுமதிக்கும் அவகாசம் கூட நமக்கு இல்லை.

அத்துடன் மாவட்டத்தின் நிலவமைப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வடக்கே குச்சவெளியும் தெற்கே வெருகலும், மேற்கே கந்தளாயும் கோமரங்கடவலவும் அடங்கிய பரப்பு இது. 2009 இல் கிண்ணியாப் பாலமும் அதனைத் தொடர்ந்து மூதூர்ப் பாதையின் ஏனைய பாலங்களும் திறக்கப்படும் வரை, மூதூரிலிருந்து நகருக்கு வருவோர் படகுச் சேவையையோ இறங்குதுறைப் பாதைகளையோ நம்பியிருந்தனர். இன்று தரைப்பாதை சீராகிவிட்டது. சடலம் நகருக்கு வருவது இலகுவாகிவிட்டது. சட்ட வைத்திய அதிகாரி மூதூருக்குச் செல்வதும் அதே அளவு இலகுவானதுதான் என்பதை நிர்வாகம் இன்னும் போதிய அளவு உணர்ந்ததாகத் தெரியவில்லை.

மற்றொரு சிக்கலையும் கூறாமல் விட முடியாது. 1995 இல் இலங்கையின் தற்கொலை விகிதம் இலட்சம் பேருக்கு 47 என்ற உச்சத்தைத் தொட்டது. நச்சுத்தன்மை மிகுந்த பூச்சிகொல்லிகளும் களைகொல்லிகளும் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டதனால் அது பெருமளவு குறைந்தமை நாம் பெருமைப்படத்தக்க பொதுச் சுகாதார வெற்றியாகும். எனினும் அந்த ஆண்டுகள் ஒரு மனப்பழக்கத்தை விட்டுச் சென்றுள்ளன. இளம் பெண்ணொருத்தி வீட்டில் இறந்தால் "மனமுடைந்து செய்துகொண்டாள்" என்ற விளக்கம் கேள்வியின்றி ஏற்கப்படுகின்றது. இந்தியாவில், திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டாலோ சந்தேகத்துக்கிடமான முறையில் இறந்தாலோ தனியான விசாரணை நடைமுறையைச் சட்டம் வகுத்துள்ளது. நமது சட்டத்தில் அவ்வாறான தனி ஏற்பாடு கிடையாது. வீட்டு வன்முறையைத் தடுப்பதற்கென 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டம் உள்ளது. அது உயிரோடிருப்பவளுக்குப் பாதுகாப்புக் கட்டளை வழங்குகின்றது. அக்கட்டளையைக் கேட்க வாய்ப்பின்றி இறந்தவளின் உடலை எவ்வாறு பரிசோதிப்பது என்பதில் அதே அக்கறை காட்டப்படவில்லை.

இவ்விடத்தில் மீண்டும் 2006 க்கே செல்ல வேண்டியுள்ளது. முதற்பரிசோதனையின் குறைபாடு எத்தனை ஆண்டுகளுக்கு நீளும் என்பதை நமக்குக் காட்டியது மூதூர். அவ்வாண்டு ஆகஸ்ட் 4 ஆம் திகதி, பட்டினிக்கு எதிரான அமைப்பு என்ற பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர் தமது அலுவலக வளவினுள் சுட்டுக் கொல்லப்பட்டனர். பதினாறு பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். தாம் பணியாற்றிய, யுத்தத்தின் நடுவே தங்கியிருந்த இடத்திலேயே அவர்கள் குப்புற வீழ்ந்து கிடந்தனர். சடலங்கள் வெயிலில் நாட்கணக்கில் கிடந்த பின்னரே அகற்றப்பட்டன. திருகோணமலையில் நடத்தப்பட்ட முதலாவது பரிசோதனை போதுமானதாக அமையாததனால், நீதிமன்ற உத்தரவின்பேரில் புதைகுழிகள் தோண்டப்பட்டு மீண்டும் பரிசோதனை நடந்தது. அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலிருந்து தடயவியல் நிபுணர் மல்கம் டொட் வரவழைக்கப்பட்டார்.

அவரது அறிக்கையில், எடுக்கப்பட்ட சன்னங்களுள் ஒன்று 5.56 மில்லிமீற்றர் வகையைச் சேர்ந்தது எனக் குறிப்பிடப்பட்டிருந்தது. 7.62 வகைத் துப்பாக்கிகள் யுத்தத்தில் ஈடுபட்ட எல்லாத் தரப்பிடமும் இருந்தன, 5.56 என்பது அவ்வாறு பரவலாக இருந்ததன்று. எனவே அச்சிறு உலோகத் துண்டு வழக்கின் திசையையே தீர்மானிக்கக்கூடியதாயிருந்தது. ஆனால் அரச பகுப்பாய்வாளரின் பதிவில் அத்தகைய சன்னம் இருக்கவில்லை. சான்றுப்பொருள் மாற்றப்பட்டதா என்று சர்வதேச ஜூரிகள் ஆணைக்குழு 2007 இல் பகிரங்கமாகக் கேள்வி எழுப்பியது. பின்னர் டொட் தமது கருத்தைத் திருத்தி, அதுவும் 7.62 வகையே என்றார். நிபுணர் நேர்மையாகவே திருத்தியிருக்கலாம். அதனை மறுப்பதற்கு நம்மிடம் ஆதாரம் இல்லை. ஆனால் சன்னம் உடலிலிருந்து எடுக்கப்பட்ட கணத்திலிருந்து யார் கையிலிருந்து யார் கைக்கு, எந்த நேரத்தில், எந்த முத்திரையுடன் சென்றது என்பதற்கு எவரும் ஐயுற முடியாத பதிவு இருந்திருந்தால் அந்தத் திருத்தம் சந்தேகத்துக்கு இடமின்றி ஏற்கப்பட்டிருக்கும். இதற்கிடையில் வழக்கும் மூதூர் நீதவானிடமிருந்து எடுக்கப்பட்டு அநுராதபுரத்துக்கும் பின்னர் கந்தளாய்க்கும் அலைந்தது. இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

மூதூர்ப் பிரதேசத்தின் குமாரபுரம் இதற்கு மறுபக்கமான பாடம். 1996 பெப்ரவரி 11 ஆம் திகதி, இருபதுக்கும் மேற்பட்ட கிராம மக்கள், குழந்தைகள் உட்பட, கொல்லப்பட்டனர். பலர் தமது வீடுகளுக்குள்ளேயே இறந்தனர். உயிர் தப்பியவர்கள் சாட்சிக்கூண்டில் ஏறிக் கூறினர். அநுராதபுரம் மேல் நீதிமன்றத்தில் ஜூரிகள் முன்னிலையில் நடந்த வழக்கில், இராணுவத்தைச் சேர்ந்த ஆறு பேரும் 2016 ஜூலையில் விடுவிக்கப்பட்டனர். இருபது ஆண்டுகள் கடந்த நினைவின்மீது மட்டும் ஒரு வழக்கை நிறுத்தினால் குறுக்கு விசாரணையில் அது சரிவது எளிது. அந்த வீடுகளின் சுவர்களில் பதிந்த ரவைகளும் தரையில் சிதறிய வெற்றுத் தோட்டாக்களும் சாட்சிகளின் வாய்மொழிக்குத் தோள் கொடுத்திருக்க வேண்டும்.

தடயவியல் ஒழுங்காகக் கையாளப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் நமது நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2015 செப்டெம்பரில் கொட்டதெனியாவப் பகுதியில், வீட்டில் உறங்கிக்கொண்டிருந்த சிறுமியொருத்தி காணாமற்போய்ப் பின்னர் சடலமாக மீட்கப்பட்டாள். நாடு கொதித்தது. பொலிஸார் முதலில் ஒரு பாடசாலை மாணவனையும் மற்றொருவரையும் கைதுசெய்தனர். மரபணு ஒத்துப்போகவில்லை. அடுத்துக் கைதானவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அறிவிக்கப்பட்டது. அவரது மரபணுவும் ஒத்துப்போகவில்லை. இறுதியில் ஒத்துப்போனது அவருடைய சகோதரனின் மரபணு. 2016 மார்ச்சில் நீர்கொழும்பு மேல் நீதிமன்றம் அவனைக் குற்றவாளியாகக் கண்டது. ஒப்புதல் வாக்குமூலம் மட்டும் போதும் என்று அன்று கோப்பை மூடியிருந்தால் குற்றமற்ற ஒருவர் தண்டனை பெற்றிருப்பார். குற்றவாளி ஊருக்குள் நடமாடியிருப்பான். பொலிஸ் நிலையத்தில் பெறப்பட்ட வாக்குமூலங்களால் தமிழ் இளைஞர்கள் எத்தனை ஆண்டுகளைச் சிறையில் கழித்தனர் என்பதை அறிந்த நமக்கு, அறிவியல் சான்று குற்றவாளியைப் பிடிக்க மட்டுமன்றிக் குற்றமற்றவரைக் காக்கவும் தேவையானது என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் பிரேத பரிசோதனை என்ற சொல்லைக் கேட்டவுடன் நமது மக்கள் பின்வாங்குவது ஏன்? உடலைச் சிதைப்பதா என்ற வேதனை மூவினத்தவரிடமும் உண்டு. அன்றைய தினமே நல்லடக்கம் செய்ய வேண்டும் என்ற மார்க்கக் கடமை முஸ்லிம் மக்களுக்கு உண்டு. கொவிட் காலத்தில், விஞ்ஞானம் என்ற பெயரில் ஜனாஸாக்கள் பலவந்தமாக எரிக்கப்பட்டன. 2021 பெப்ரவரியில் அவ்வுத்தரவு நீக்கப்பட்டு, 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தபோதும், கிண்ணியாவிலும் மூதூரிலும் அரச வைத்தியத்தின்மீது ஏற்பட்ட கசப்பு ஒரு மன்னிப்பினால் நீங்கிவிடாது. இந்நிலையில் குடும்பத்தினர் "பரிசோதனை வேண்டாம்" என்று மன்றாட, மரண விசாரணை அதிகாரியும் இரக்கப்பட்டு மாரடைப்பு என்று எழுதி உடலை ஒப்படைத்துவிட்டால், அந்த இரக்கம் சில வேளைகளில் கொலையாளிக்குக் காட்டப்பட்ட இரக்கமாக முடியும். மன்றாடுபவரே சந்தேகநபராக இருக்கக்கூடிய மரணத்தில் அவரது வேண்டுகோளைத் தனியொரு சான்றாகக் கருத முடியாது.

இதற்கு ஒரு நடுவழி உண்டு. மல்கம் டொட் எங்கிருந்து வந்தாரோ, அதே விக்டோரியாவின் தடயவியல் மருத்துவ நிறுவகத்தில் 2005 முதல், உடலை அறுப்பதற்கு முன்னர் சி.ரி. ஸ்கேன் எடுக்கப்படுகின்றது. புதுடில்லியின் எய்ம்ஸ் நிறுவனத்திலும் 2021 இல் இத்தகைய பிரிவு தொடங்கப்பட்டது. எலும்பு முறிவு, உடலில் தங்கிய சன்னம், மூளையில் இரத்தக்கசிவு ஆகியவற்றை அது காட்டிவிடும். நஞ்சை அது காட்டாது. எனவே அது முழுமையான மாற்றீடன்று. ஆனால் எந்த உடலை அறுத்துப் பார்த்தே ஆக வேண்டும், எதனை மாலைக்குள் ஒப்படைக்கலாம் என்று பிரித்தறிய அது பெரிதும் உதவும். மத நம்பிக்கைக்கும் நீதிக்கும் இடையில் மக்களை நிறுத்தாமலிருக்க இச்செலவு கூடுதலானதன்று.

செலவே தேவைப்படாத சீர்திருத்தங்களும் உள்ளன. சந்தேகத்துக்கிடமான மரணம் நிகழ்ந்த வீட்டின் அறையைப் பூட்டி முத்திரையிடுவதற்குப் பூட்டொன்றும் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரும் போதும். கைத்தொலைபேசி உள்ள எவரும் அளவுகோலொன்றை அருகில் வைத்துப் படமெடுக்கலாம். இந்தியாவில் 2024 ஜூலை 1 ஆம் திகதி நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழாண்டுகளோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குச் செல்வதையும் அதனைக் காணொளியில் பதிவதையும் கட்டாயமாக்கி, மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் வழங்கியுள்ளது. அது எவ்வளவு தூரம் செயலாகும் என்பதை அங்குள்ளவர்களே ஐயத்துடன் நோக்குகின்றனர். நமக்கோ சட்டமே 1979 முதல் இருக்கின்றது. அதனைச் செயற்படுத்துமாறு கேட்பதே நமது நிலை.

மற்றொன்று மொழி. திருகோணமலையில் இறந்தவரின் தாய் தமிழில் அழுகின்றாள். அவளது வாக்குமூலம் பல இடங்களில் சிங்களத்தில் எழுதப்படுகின்றது. சட்ட வைத்திய அறிக்கை ஆங்கிலத்தில் வருகின்றது. தன் பிள்ளை எவ்வாறு இறந்தது என்பதை அவள் சட்டத்தரணி ஒருவரிடம் பணம் கொடுத்தே அறிய வேண்டியுள்ளது. உடற்கூற்று மாதிரிகள் பத்தரமுல்லையில் உள்ள அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களத்துக்குச் சென்று அறிக்கையாகத் திரும்பும் வரை அவள் எத்தனை தவணைகளுக்கு நீதிமன்றப் படியேற வேண்டும் என்பதும் எவருக்கும் நிச்சயமில்லை. அறிக்கையின் பிரதி தமிழில் அவளது கையில் தரப்படுவதும், விரும்பினால் இரண்டாவது வைத்திய அபிப்பிராயம் கோரும் வழி அவளுக்கு விளக்கப்படுவதும் சலுகைகளாகக் கருதப்படக் கூடாது. கொழும்பில் தொழிலதிபர் ஒருவரின் 2022 ஆம் ஆண்டு மரணத்தில், முதற்பரிசோதனை சயனைட்டைச் சுட்டியது. உடல் தோண்டி எடுக்கப்பட்டு ஐந்து நிபுணர்கள் ஆராய்ந்த பின்னர், கழுத்தும் முகமும் அழுத்தப்பட்டமையே காரணம் என்று 2023 இல் நீதவான் தீர்மானித்தார். செல்வாக்குள்ள குடும்பத்துக்குக் கிடைத்த அந்த இரண்டாவது பார்வை சம்பூரிலோ ஈச்சிலம்பற்றிலோ உள்ள கூலித் தொழிலாளியின் குடும்பத்துக்குக் கிட்டுமா?

சந்தேகம் அரச படையின்மீதே விழும்போது, சான்றைச் சேகரிக்கும் பொறுப்பும் அதே அரசின் பொலிஸாரிடம் இருப்பதே அனைத்துக்கும் மேலான கோளாறு. வெற்றுத் தோட்டாவைத் துப்பாக்கியுடன் ஒப்பிட வேண்டுமானால் துப்பாக்கியை எவராவது உரிய வேளையில் பறிமுதல் செய்ய வேண்டும். அத்தகைய மரணங்களில் சம்பவ இடமும் ஆயுதங்களும் சான்றுப்பொருட்களும் முதல் மணித்தியாலத்திலிருந்தே நீதவானின் பொறுப்பில் வரவேண்டும் என்பதே நமது நிலைப்பாடு. 2025 ஜூலையில் சம்பூரில் கண்ணிவெடி அகற்றும் பணியின்போது மனித எச்சங்கள் வெளிப்பட்டதும், மூதூர் நீதவான் நீதிமன்றம் தலையிட்டுப் பணியை நிறுத்தியது. அந்த வேகமே எல்லா மரணங்களுக்கும் வேண்டும்.

ஐந்து மாணவர்களின் வழக்கில் சந்தேகநபர்கள் நீதவான் நீதிமன்றத்தின் பூர்வாங்க விசாரணையிலேயே விடுவிக்கப்பட்டனர். மேல் நீதிமன்றத்தில் வழக்கு நடந்து விடுதலை பெற்றவர்கள் அல்லர். கொலைக் குற்றத்துக்கு இலங்கைச் சட்டத்தில் காலவரையறையும் இல்லை. வெளிநாட்டில் வாழும் சாட்சிகளிடம் காணொளி வாயிலாகச் சாட்சியம் பெறுவது புதிய முறையுமன்று. 2008 இலேயே ஆணைக்குழுவின் முன் மாணவர் ஒருவரின் தந்தை அவ்வாறு சாட்சியமளித்தார். 2006 ஜனவரியில் திருகோணமலைப் பிரேத அறையில் எழுதப்பட்ட அந்த ஐந்து அறிக்கைகளையும் சட்டமா அதிபர் மீண்டும் திறந்து பார்க்கலாம். அவற்றில் எழுதப்பட்ட காயங்களை இதுவரை எவரும் மறுக்கவில்லை.